கீழ்த்தட்டுப் புத்தகம்

விதி 14: "தக்க காரணம் இருப்பின், மேற்கண்ட விதிகளில் எதையும் தளர்த்தும் அதிகாரம் செயலருக்கு உண்டு. அவ்வாறு தளர்த்தக் கோரும் விண்ணப்பத்துக்கு முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தரப்பட வேண்டும்."

பெங்களூர் காக்ஸ் டவுனில் நாங்கள் போகும் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் நூலக விதிகளில் இதுதான் கடைசி. பதினான்கையும் எழுதியவன் நான். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து 1993இல் ஓய்வு பெற்றேன். மறுமாதமே, "அண்ணனுக்கு இனிமே நேரம் இருக்கும்" என்று சொல்லி, ஆலயத்தை ஒட்டிய சிறு கூடத்தில் இருந்த இரண்டு கண்ணாடி அலமாரிகளை என் தலையில் கட்டினார்கள். புத்தகங்கள் கலந்து கிடந்தன. பிரித்து அடுக்கி, முதுகில் வண்ணச் சீட்டு ஒட்டினேன். ஓய்வு நேரத்தில் படிக்கப் பச்சை, குடும்பமாக உட்கார்ந்து வாசிக்க நீலம், தியானத்துக்கு வெள்ளை. ஒரு குடும்பம் பதினைந்து நாளைக்கு நிறத்துக்கு ஒன்று எடுக்கலாம்.

ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது, சனங்கள் அதைக் கையாண்ட விதம் வேறு. ஆராதனை முடிந்ததும் போதகர் வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுப்பார். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய் ஒரு நாவலோடு அவர் முன்னால் போய் நிற்க யாருக்குத் தைரியம்? பச்சைச் சீட்டு எடுத்தவர்கள் அத்தனை பேரும் அதன்மேல் ஒரு வெள்ளைச் சீட்டை வைத்து மறைத்துக்கொண்டு போனார்கள். அதனால் பச்சை எத்தனை வெளியே போனதோ அத்தனை வெள்ளையும் போனது. சபையில் தியான வாசிப்பு பெருகியிருப்பதாக ஆண்டறிக்கை சொன்னது. அதை எழுதியதும் நான்தான்.

விதி 9ஐயும் இங்கே சொல்லிவிட வேண்டும். "கீழ்த்தட்டில் உள்ள நூல்கள் நூலகத்துக்கு வெளியே தரப்படமாட்டா." நான் அதை எழுதியபோது கீழ்த்தட்டில் இருந்தவை அகராதிகளும், எந்த வேத வசனம் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒத்தவாக்கிய நூல்களும். 'அகராதிகள் வெளியே தரப்படமாட்டா' என்று எழுதியிருக்க வேண்டும். பொருளைச் சொல்லாமல் அது இருந்த இடத்தைச் சொல்லிவிட்டேன். முப்பத்து மூன்று வருஷ உத்தியோகத்தில் இப்படி எழுதி வந்த எத்தனையோ வரைவுகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என்னுடையதை வட்டமிட யாரும் இருக்கவில்லை. இரண்டு வருஷத்தில் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். விதிகள் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கின.

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு வேதபகுதி, பிறகு நீலச் சீட்டுப் புத்தகத்திலிருந்து ஐந்தாறு பக்கம், கடைசியில் ஜெபம். வாசிப்பது எப்போதும் என் மனைவி. ஆஸ்டின் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தமிழ் டீச்சராக இருந்தவள். பிள்ளைகள் இரண்டு பேரும் வேலை, கல்யாணம் என்று வெளியூர் போன பிறகும், நான் ஒருவன் மட்டும் கேட்க, நாற்பது பேர் உட்கார்ந்த வகுப்புக்கு வாசிப்பது போல வாசிப்பாள்.

1997இல் அவளுக்குக் கண்ணில் கோளாறு என்று தெரிந்தது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வருகிறதாம். "முழுசா இருட்டாகாதும்மா. ஓரத்துல தெரியும், நடமாடலாம். எழுத்துதான் போயிடும்" என்றார் டாக்டர். எப்போது என்று கேட்டாள். ஆறு மாதமோ, ஒரு வருஷமோ என்றார். வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது, "அதுவரைக்கும் நான்தான் வாசிப்பேன், நீங்க கைய வைக்கக் கூடாது" என்றாள். நான் வாசித்தால் அரசாணை வாசிப்பது போல இருக்கும் என்பது அவளுடைய நெடுநாள் கருத்து.

பெரிய எழுத்து வேதாகமம் கடையில் கிடைத்தது. கதைப் புத்தகத்துக்குத்தான் வழியில்லை. கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் கேட்டேன். "பெரிய எழுத்துன்னா பைபிள்தான் சார். கதைய யாரு பெருசா போடறாங்க?" அலசூர்க் கடைவீதியில் அட்டையில் 'பெரிய எழுத்து' என்று போட்டே ஒரு புத்தகம் விற்றான். உள்ளே எழுத்து எறும்பாக ஊர்ந்தது. பூதக்கண்ணாடி வாங்கித் தந்தேன். அதில் ஒரு நேரத்துக்கு நாலெழுத்து தெரியும். "வாக்கியம் முடியறதுக்குள்ள எழுவாய் மறந்துபோகுது" என்று கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டாள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நூலகத்தை ஒட்டடை அடித்தார்கள். அலமாரிகளைக் காலி செய்து திரும்ப அடுக்கினபோது, உயரமான புத்தகங்கள் மேல்தட்டுகளில் நிற்கவில்லை. அவற்றையெல்லாம் இடம் இருந்த கீழ்த்தட்டில் வைத்தார்கள். எழுத்து பெரிது என்றால் புத்தகம் பெரிது. நூலகத்தில் இருந்த பெரிய எழுத்துப் புத்தகங்கள் மொத்தமும் இப்படி ஒரே காலையில், வெளியே போகக் கூடாத புத்தகங்கள் ஆகிவிட்டன.

அவற்றில் ஒன்றை ஜனவரி முதல் ஞாயிறன்று என் மனைவி கண்டுபிடித்தாள். எந்தக் காலத்திலோ ஒரு மிஷன் அச்சகம் வயதானவர்களுக்கென்று போட்டது. ஒன்றேகால் அடி உயரம், கறுப்புக் காலிகோ துணி அட்டை. ஓர் ஆற்றுத் துறையில் தோணி விடும் குடும்பத்தின் கதை, நாற்பது அத்தியாயம், ஒவ்வொன்றின் முடிவிலும் நாலு வரி ஜெபம். பச்சை, நீலம், வெள்ளை மூன்றும் ஒட்டலாம். கூடத்து ஜன்னலருகே உட்கார்ந்து முதல் பக்கத்தைக் கண்ணாடி இல்லாமல் சத்தமாக வாசித்தாள். பூதக்கண்ணாடியை வைத்துவிட்ட பிறகு வீட்டில் நான் கேட்காத குரல்.

"இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாம்" என்றாள்.

நூலகரிடம் போனேன். தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, என்னைவிட இரண்டு வயது இளைய மனிதர். புத்தகத்தைப் பார்த்தார், சுவரில் தொங்கும் விதிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒன்பதாம் நம்பர் சார். கீழ்த்தட்டு."

"தெரியும். நான்தான் எழுதினேன்."

"ஹோகலி பிடி சார், விடுங்க" என்று கன்னடமும் தமிழுமாய்ச் சொல்லிக் குரலைத் தாழ்த்தினார். "டீச்சரோட பையி பெருசாத்தானே இருக்கு? நான் ஜன்னல் சாத்தப் போறேன். திரும்பி வர அஞ்சு நிமிஷம் ஆகும்."

நிஜமாகவே ஜன்னல் சாத்தப் போனார். மூன்று ஜன்னல்களை ஐந்து நிமிஷம் சாத்தினார். நான் புத்தகத்தைக் கீழ்த்தட்டில் திரும்ப வைத்தேன். விதி 14 இருக்கும்போது திருட்டுத்தனம் எதற்கு என்று மனைவிக்கு விளக்கினேன். அவள் பையின் வாயை மூடிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அடுத்த ஞாயிறு, 1998 ஜனவரி 11, விண்ணப்பத்தைச் செயலர் கையிலேயே கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கினேன். 'என் மனைவி தாமே வாசிக்கும் பொருட்டு' என்று காரணத்தைத் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தேன். டாக்டர் சீட்டின் நகலும் இணைப்பு. செயலர் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர், மரியாதை தெரிந்தவர். "கண்டிப்பா அங்கிள், பாத்துடலாம்" என்றார்.

பதில் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று, ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து நூலகம் பூட்டும்வரை இருக்கும் ஒரு மணி நேரம் அவள் அங்கேயே உட்கார்ந்து வாசித்தாள். வாரத்துக்கு ஓர் அத்தியாயம். பக்கத்தில் சண்டே ஸ்கூல் பிள்ளைகள் நாற்காலி இழுப்பார்கள், பாடகர் குழு ஆர்மோனியத்தோடு சண்டை போடும், அவளுடைய குரல் அதற்கு மேலே போகும். திங்கள் முதல் சனி வரை எங்கள் வீட்டு ஜெபத்தில் கதை இல்லை. வேதபகுதி முடிந்ததும் அவள் வேதாகமத்தை மூடி வைப்பாள். பிறகு நான் ஜெபிப்பேன்.

முப்பது நாள் பிப்ரவரி 10இல் முடிந்தது. நினைவூட்டுக் கடிதம் கொடுத்தேன். புத்தகங்கள் பற்றிய எதையும் நூல் தேர்வுத் துணைக்குழுதான் பார்க்க வேண்டும் என்றார் செயலர். துணைக்குழுவின் காலம் டிசம்பரோடு முடிந்திருந்தது. புதுக்குழுவை நியமிக்க வேண்டிய கமிட்டி, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து காலத்தில் கூட்டம் வைப்பதில்லை. இரண்டாவது நினைவூட்டு மார்ச்சில். ஈஸ்டர் முடிந்து குழுவை நியமித்தார்கள், கூட்டும் பொறுப்பை யாருக்கும் கொடுக்க மறந்துவிட்டார்கள். மூன்றாவது ஏப்ரல் கடைசியில். அதற்குச் செயலரே கூடத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அங்கிள், தப்பா நினைக்காதீங்க. ரூல் ஒன்பதை நீங்களே எழுதியிருக்கீங்க. அத நான் எப்படி மீறறது?"

"மீற வேண்டாம் தம்பி. பதினாலின்படி தளர்த்துங்க. அதையும் நான்தான் எழுதினேன்."

"தக்க காரணம்னு போட்டிருக்கு. எது தக்கதுன்னு எங்கயும் போடலையே? நான் ஒண்ணு செஞ்சு, நாளைக்கு ஆளாளுக்கு டிக்‌ஷனரி கேட்டா?"

என் அலுவலகத்தில் இருந்திருந்தால் இவருக்கு நானே பதவி உயர்வுக்குச் சிபாரிசு செய்திருப்பேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட நான் என் மேசைக்கு முன்னால் நின்றவர்களிடம் சொல்லாதது அல்ல.

இதற்கிடையில் அந்த ஒரு மணி நேரத்தில் அத்தியாயம் முடியாமல் போகத் தொடங்கியது. ஏப்ரலில் பூதக்கண்ணாடி திரும்ப வந்தது. புத்தகத்தைச் சாய்த்து, தலையைத் திருப்பி, கண்ணின் ஓரத்தால் வரியைப் பிடிக்கப் பழகினாள். பதினெட்டாம் அத்தியாயத்தை இரண்டு ஞாயிறாக வாசித்தாள். அதில் தோணிக்காரரின் மகள் அப்பாவோடு சண்டை போட்டு, விடிகாலையில் தானே தோணியைத் தள்ளிக்கொண்டு அக்கரைக்குப் போய்விடுகிறாள். தோணி மட்டும் ஒதுங்கி வருகிறது.

"அவ வந்துடுவாளா?" என்றேன், படி இறங்கும்போது.

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்க போயி கடைசிப் பக்கத்தப் பாத்துட்டு வந்து சொன்னீங்க, அப்புறம் உங்களோட பேச மாட்டேன்."

மே கடைசி ஞாயிறு நூலகர் மறுபடி என்னிடம் வந்தார். இந்த முறை குரலைத் தாழ்த்தவில்லை. "சார், நான் பேர்கூட எழுதிக்கறேன். தப்புன்னா என்னத் திட்டட்டும். ஆறு நாள் வீட்ல வெச்சு வெளிச்சத்துல படிக்கட்டும் டீச்சர்." விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது அப்படிச் செய்தால் விண்ணப்பமே அடிபட்டுப்போகும் என்றேன். நடைமுறைப்படி நான் சொன்னது சரி. அவர் என் மனைவியிடம் திரும்பி, "எப்படி டீச்சர் இத்தனை வருஷம்?" என்று கேட்டார்.

"முப்பத்தாறு வருஷமா நானும் நிலுவைலதாங்க இருக்கேன்" என்றாள்.

ஜூன் இரண்டாம் ஞாயிறு பத்தொன்பதாம் அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். சண்டே ஸ்கூல் கலைந்து கூடம் காலியானது. "தலைப்பு தெரியுது. கீழ இருக்கறது ஈரத் துணி மாதிரி இருக்கு" என்றாள். புத்தகத்தை மூடி, தானே குனிந்து கீழ்த்தட்டில் வைத்தாள். அதற்குப் பிறகு ஆராதனை முடிந்ததும் நேரே வீட்டுக்குத்தான் வந்தோம்.

பதில் தபாலில் வந்தது. செயலர் வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. சபையின் முத்திரை, கோப்பு எண், என் மூன்று நினைவூட்டுகளின் தேதிகள் எல்லாம் சரியாக இருந்தன. 'தங்கள் விண்ணப்பம் துணைக்குழுவால் பரிவுடன் பரிசீலிக்கப்பட்டு, விதி 14இன்படி, மேற்படி நூலை முப்பது நாட்களுக்கு, தங்கள் மனைவி தாமே வாசிக்கும் பொருட்டு மட்டும், வெளியே எடுத்துச் செல்ல அனுமதிக்கப்படுகிறது.' என்னுடைய சொற்களையே எடுத்துப் போட்டு, அவற்றோடு ஒரு 'மட்டும்' சேர்த்திருந்தார்கள். குறை சொல்ல இடமில்லாத வரைவு.

அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், கையாலேயே தடவி.

"அப்போ ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வாங்க. நீங்க வாசிங்க. மெதுவா வாசிக்கணும், முற்றுப்புள்ளி வந்தா நிக்கணும்."

"அனுமதி உனக்குத்தானே கொடுத்திருக்காங்க" என்றேன். என் வாயில் முதலில் வந்தது அதுதான்.

அவள் கீரைக்காம்பை ஒடித்துத் தட்டில் போட்டாள். "அப்படின்னா இன்னொரு அப்ளிகேஷன் எழுதுங்க."

எழுதவில்லை. கையில் பேனா மட்டும் இருந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல், பழைய அலுவலகப் பழக்கத்தில், கடிதத்தின் மேல் மூலையில் பெறப்பட்ட நாளைக் குறித்தேன்: 17.8.1998.