ஃபயர் டேங்க்கும் ஒரு பாட்டில் தண்ணீரும்

நான் ஸ்கூபா டைவர் என்று சொன்னால் எல்லோரும் சுறாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், முடிவெட்டும் கடையில் கேட்கிறார்கள். நான் இறங்குவது ஒரகடம் கம்பெனிகளின் ஃபயர் டேங்க்கில். தீப்பிடித்தால் அணைக்க வைத்திருக்கும் தண்ணீர் அது. ஒரு நாள்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்பதால், நிறைந்திருக்கும்போதே உள்ளே இறங்கி, அடியில் படிந்த சேற்றைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். அங்கே சுறாவும் இல்லை, தவளைகூட இல்லை. எங்களுக்கு அங்கே தொல்லை தாகம்தான்.

சிரிக்காதீர்கள். சிலிண்டரில் அடைக்கிற காற்றில் ஈரம் இருந்தால் உள்ளே துருப்பிடிக்கும். அதனால் ஈரத்தை வடிகட்டிவிட்டுத்தான் அடைப்பார்கள். அந்தக் காய்ந்த காற்றை மூக்கால் அல்ல, வாயால் இழுக்க வேண்டும். அரை மணி நேரத்தில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு, தண்ணீருக்குள் இருக்கும் உடம்பு வழக்கத்தைவிட அதிகமாகச் சிறுநீரை வெளியே தள்ளப் பார்க்கும். முன்னதாகவே நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு இறங்கு, டீயைக் குறை, மேலே வந்ததும் மறுபடி குடி. எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே இதுதான்.

அந்தப் பாடம் கடலுக்கு. கம்பெனிக்கு வேறு பாடம். கேட்டில் செக்யூரிட்டி முதலில் பிடுங்குவது தண்ணீர் பாட்டிலை.

"வெளித் தண்ணி நாட் அலௌடுபா. உள்ள ஆர்ஓ கீது, போய்க் குடி."

ஆர்ஓ இருப்பது கேன்டீனில். கேன்டீன் ஒரு கோடி, டேங்க் மறு கோடி. கழிவறையோ தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பையும் தாண்டி. வேலைக்கான பெர்மிட்டில் பேர் ஏறிய பிறகு அந்த இடத்தை விட்டு நகர்ந்தால், வெளியே போன நேரத்தை எழுதி 'அவுட்' போட வேண்டும். திரும்பி வந்தால் மறுபடி ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், சேஃப்டி ஆபீசர் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். அந்த மனிதரை ஒரு முறை பிடிப்பதே பெரும்பாடு. ஆகவே எங்கள் தொழிலில் எல்லோரும் கண்டுபிடித்து வைத்திருந்த வழி, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது. குடித்தால்தானே போக வேண்டும்?

இந்தப் புத்திசாலித்தனத்தை என் கூட்டாளிக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அவன் தூத்துக்குடிக்காரன், கடலில் சங்கு குளித்தவன். இப்போது வடக்குப்பட்டில் வாடகை அறையில் இருக்கிறான். ஒருவன் டேங்க்கில் இறங்கினால் மற்றவன் மேலே கயிற்றைப் பிடித்திருப்பான்.

வந்த முதல் நாளே கேட்டான். "அண்ணே, படகுல எப்பவும் ஒரு கேன் தண்ணி கெடக்கும்லா. இங்க எங்க வச்சிருக்கீங்க?"

"இது கடல் இல்லபா, கம்பெனி. ரெண்டு மணி நேரம் அடக்கிக்கினு இருக்க மாட்டியா?" என்று சிரித்தேன். அன்றிலிருந்து அவனும் அடக்கிக்கொண்டான்.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வல்லக்கோட்டை கூட்ரோட்டில் ஆளுக்கு இரண்டு டீ குடித்துவிட்டு, எட்டு மணிக்கே பெர்மிட்டில் பேர் ஏற்றிவிட்டு டேங்க் ஓரம் போய் நின்றோம். ஆபீசர் மீட்டிங்கில் இருந்தார். ஒன்பது மணிக்கும் மீட்டிங். பத்து மணிக்கு டீ பிரேக். நிழலுக்கு ஒரு செடி இல்லை. பதினொன்றரைக்கு வந்தவர், பெர்மிட்டில் இருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்து டிக் போட்டார். டேங்க்கின் ஆழம், ஏணியின் உயரம், ஹெல்மெட்டின் நிறம். தண்ணீர் குடித்தாயா என்று ஒரு கேள்வி அதில் இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கூட்டாளி கறுப்பு ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். கயிற்றை ஒரு முறை இழுத்தால் 'நன்றாக இருக்கிறாயா?' என்று அர்த்தம். அவன் பதிலுக்கு ஒரு முறை இழுக்க வேண்டும். அரை மணி கழித்து இழுத்தேன். பதில் இல்லை. மறுபடி இழுத்தேன். கொஞ்சம் தாமதித்து, மூன்று இழுப்பு சேர்ந்தாற்போல வந்தது. மூன்று என்றால் தூக்கு.

தூக்கிப் போட்டபோது இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டு கட்டையாக இருந்தன. வாயில் கவ்வியிருந்த காற்றுக் குழாயின் ரப்பரை அவனால் துப்பக்கூட முடியவில்லை, காய்ந்த நாக்கோடு ஒட்டியிருந்தது. நான்தான் மெதுவாகப் பிரித்து எடுத்தேன். கையைக் குவித்துக் காட்டினான்.

தண்ணீர். சுற்றுமுற்றும் பார்த்தேன். லட்சக்கணக்கான லிட்டர் தேங்கி நிற்கிறது, நாங்களே சேற்றைக் கலக்கிவிட்ட தண்ணீர். வாயில் ஊற்ற ஒரு மடக்கு இல்லை.

ஓடி வந்த ஆபீசர் கேட்ட முதல் கேள்வி, "பெர்மிட்ல அவுட் டைம் போட்டீங்களா?" அந்தப் பெர்மிட்டைச் சுருட்டி அவர் வாயில் திணிக்கலாம் போல இருந்தது.

அந்தப் பக்கம் பெருக்கிக்கொண்டிருந்த ஹவுஸ்கீப்பிங் அக்காதான் துடைப்ப வண்டியின் அடியிலிருந்து ஒரு பாட்டிலை உருவினார். "கேட்ல புடுங்கிப்பாங்கன்னு ஒளிச்சி எட்துகினு வரேன். யார்கிட்டயும் சொல்லாதப்பா."

அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடித்தான். பாட்டிலை அக்காவிடம் நீட்டிவிட்டு, "கடல்ல ஒரு நாளும் இப்பிடி ஆனதில்லண்ணே" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னான். எனக்கு அவமானமாக இருந்தது.

விபத்து ரிப்போர்ட்டில் காரணம் என்ற இடத்தில் 'குடிக்கத் தண்ணீர் இல்லை' என்று எழுதிக்கொடுத்தேன். ஆபீசர் "குட் பாயின்ட்" என்றார். அடுத்த முறை போனபோது பெர்மிட்டின் கடைசியில் புதிதாக ஒரு வரி. 'டைவர் போதிய தண்ணீர் அருந்தினாரா? ஆம் / இல்லை.' எனக்கு மனசு குளிர்ந்தது, ஒரு நிமிடம். அன்று காலையும் கேட்டில் எங்கள் பாட்டிலைப் பிடுங்கியிருந்தார்கள்.

"ஆம் போட்ருங்க, டைம் ஆவுது" என்றார் ஆபீசர். பேனா என் கையில் இருந்தது. கூட்டாளி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் 'இல்லை'யில் டிக் போட்டேன்.

"இன்னாங்க இது? இல்லைன்னு போட்டா பெர்மிட் ஹோல்டு ஆயிடும்."

"அப்ப தண்ணி கொண்டாரச் சொல்லுங்க சார்."

அவர் மேனேஜருக்குப் போன் போட்டார், மேனேஜர் கேட்டுக்குப் போட்டார். ஒரு மணி நேரம் போனது. கடைசியில் செக்யூரிட்டி வேர்த்து விறுவிறுத்து வந்து நீட்டியது காலையில் பிடுங்கிய அதே பாட்டில்தான். கூட்டாளி முழுசும் குடித்தான். 'இல்லை'யை அடித்து 'ஆம்' ஆக்கினோம். ஆபீசர் கையெழுத்துப் போட்டுவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

அவன் உடுப்பை மாட்டினான், சிலிண்டரைத் தூக்கினான், ஏணியில் ஒரு கால் வைத்தவன் நின்றுவிட்டான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணுக்கு வருது."

எனக்கு ஆத்திரமாக வந்தது. பிரஸ் ஷாப்பைத் தாண்டி இருந்த கழிவறைப் பக்கம் பார்த்தேன். ஆபீசர் போன பக்கம் பார்த்தேன்.

"போய்ட்டு வாபா" என்றேன். சிலிண்டரை வாங்கி வைத்துவிட்டு, பெர்மிட்டை எடுத்து, அவன் பேருக்கு நேரே அவுட் போட்டேன்.