மதிலுக்கு அந்தப் பக்கம் காய்த்த அவரை

எங்கள் கொல்லையில் அவரைக் கொடிக்கு நான் போடும் பந்தல் அதற்கு ஒருநாளும் பிடித்ததில்லை. மூங்கிலும் கயிறும் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நின்று கட்டுவேன். கொடி அதில் இரண்டு முழம் ஏறும். பிறகு மதிலைத் தாண்டி அடுத்த வீட்டு முருங்கை மரத்துக்குப் போய்விடும். வெயில் அந்தப் பக்கம்தான். காயும் அந்தப் பக்கம்தான்.

அடுத்த வீட்டில் நாகூர்க்காரர்கள். கணவர் இங்கே தஞ்சாவூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி என் மனைவிக்கு அக்காவாகிப் பல வருடங்கள் ஆயிற்று. ஆனாலும் அவரை விஷயத்தில் மட்டும் ஒரு மரியாதை குறுக்கே நின்றது. கொடி எங்களுடையது என்று அவர்கள் பறிப்பதில்லை. மரம் அவர்களுடையது என்று நாங்கள் கேட்பதில்லை. மாசியில் முருங்கை நிறைய அவரை முற்றித் தொங்கும். இரண்டு வீட்டு அடுப்பிலும் கடையில் வாங்கிய கத்தரிக்காய் வேகும்.

அந்த விதை, குடவாசலில் என் மனைவி பிறந்த வீட்டுக் கொல்லையிலிருந்து வந்தது. பட்டையான காய், ஓரத்தில் ஊதாக் கோடு. அந்த வீட்டை விற்றாயிற்று. கொல்லை இருந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது. எங்கள் விதை டப்பாவில் இருந்ததுதான் மிச்சம்.

போன வருடம் ஆடி பிறந்ததும் டப்பாவைத் திறந்தாள். விதைக்கிற தேதியை நாட்காட்டித் தாளில் குறிப்பது என் வழக்கம். பேனாவோடு பக்கத்தில் நின்றேன். உள்ளே மாவு மாதிரி தூள். ஒரு விதை பாக்கியில்லாமல் வண்டு துளைத்திருந்தது.

"போகட்டும்" என்றாள். மறுநாளிலிருந்து கொல்லைப் பக்கம் அவள் வரவில்லை. வெண்டைக்கும் கீரைக்கும் நானே தண்ணீர் ஊற்றினேன். கடையிலிருந்து ஓர் அவரை விதைப் பாக்கெட் வாங்கி வந்து நீட்டினேன். மேலிருந்த படத்தைப் பார்த்தாள். "இதுவும் அவரைதான்" என்று திருப்பித் தந்துவிட்டாள்.

குடவாசல் உறவினர்களுக்கெல்லாம் ஃபோன் செய்தேன். ஒருவரிடமும் இல்லை. பகல் குறுகும் காலத்தில்தான் இந்தக் கொடி பூக்கும் என்று படித்திருக்கிறேன். அதற்குள் அது நன்றாகப் படர்ந்திருக்க வேண்டும். தினமும் காலையில் தாளைக் கிழித்தேன். குறிக்க ஒன்றும் இல்லை.

அடுத்த வீட்டு அக்கா அப்போது ஊரில் இல்லை. மகளின் பிரசவத்துக்காக வைகாசியிலேயே நாகூர் போயிருந்தார். ஆடிக் கடைசியில் திரும்பிய அன்று, பேரன் படத்தை ஃபோனில் காட்ட மதிலோரம் வந்தவர், வெறும் பந்தலைப் பார்த்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, இந்த வருஷம் எங்க மரத்துக்கு லீவு விட்டுட்டியா?"

மனைவி விஷயத்தைச் சொன்னாள். அக்கா விறுவிறுவென்று உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பாலிதீன் பை, வெளியே பனித்திருந்தது.

"சித்திரையில முருங்கைக் கிளையக் கழிச்சோம்ல, அப்ப உங்க அவரைக்காய் கொடியிலயே காஞ்சு கிடந்துச்சு. உரிச்சு ஃப்ரிட்ஜுல வச்சேன். ஊருக்குப் போற அவசரம், வந்து குடுத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

பின்னாலேயே அவர் கணவரின் குரல் வந்தது. "நான் தனியாக் கிடந்தப்ப அதைக் குழம்பு வைக்கலாம்னு பாத்தேங்க. ஃபோன்ல கேட்டா, அடுத்த வீட்டுப் பொருளைத் தொட்டீங்கன்னா வந்து பேசிக்கிறேங்கிறா."

"ஆமா, இவங்க அடுப்பு பத்த வச்சிட்டாலும்!" என்றார் அக்கா.

மனைவி ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பார்த்தாள். துளையே இல்லை. இரண்டு வீட்டாரும் பறிக்காமல் விட்ட காய்களின் விதை அது. எங்களில் யாராவது ஒருவர் கொஞ்சம் மரியாதை குறைந்தவராக இருந்திருந்தால், அந்த அவரை அந்த வருடத்தோடு முடிந்திருக்கும். மனைவி மதில்மேல் கையை நீட்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பையைப் பிடித்துக்கொண்டேன்.

இருட்டுவதற்குள் விதைத்தாள். கொடி முன்பைப்போல் பெரிதாகவில்லை. ஆனால் மார்கழியில் பூத்தது, தையில் காய்த்தது, வழக்கம்போல் அந்தப் பக்கம்.

முதல் பறிப்புக்கு அக்காவே ஏணி போட்டு ஏறினார். "எதைப் பறிக்கட்டும்?"

"எட்டுறதெல்லாம் பறிங்கக்கா. உச்சியில இருக்கிறதை மட்டும் விட்டுருங்க."

"அது ஃப்ரிட்ஜுக்கா?"

"ஆமாங்கக்கா. பாதி உங்க ஃப்ரிட்ஜுல, பாதி எங்க ஃப்ரிட்ஜுல."

அன்று மதியம் எங்கள் வீட்டிலிருந்து அவரைக்காய்ப் பொரியல் போயிற்று. அங்கிருந்து இறால் போட்ட அவரைக்காய் வந்தது. சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பந்தலைப் பிரித்தேன். வரும் ஆடிக்கு மதிலோரமாகவே விதைப்பதாக இருக்கிறோம்.