டெய்சியின் வண்டிக்கு நான் அளவெடுத்த அழகு

இழுக்கிற வண்டிக்கும் இழுபடுகிற வண்டிக்கும் ஜோடி சேர்த்து வைப்பது என் தொழில். கல்யாணத் தரகர் வேலை மாதிரிதான், ஆனால் இங்கே ஒத்துப்போகாவிட்டால் நடுரோட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஓசூர் ரோட்டுப் பொம்மனஹள்ளியில் பட்டறை. பன்னிரண்டு வருஷமாக ஜெனரேட்டர் டிரெய்லர், தண்ணீர் டேங்க் டிரெய்லர் என்று எத்தனையோ மாட்டிக் கொடுத்திருக்கிறேன். வந்தவரிடம் "எனக்குத் தெரியாது" என்று சொல்லக் கூச்சப்பட்டு மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள். கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

"நிறைய பண்ணியிருக்கேன்"

ரேகா மேடம் ஹெப்பகோடி தாண்டி குதிரையேற்றப் பள்ளி நடத்துகிறவர். குத்தகை முடிந்து, ஆறு குதிரைகளையும் ஆனேக்கல் பக்கம் புது இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்காக இரண்டு குதிரை நிற்கும் டிரெய்லரும், அதை இழுக்க நாலு கதவு பிக்கப்பும் வாங்கியே விட்டார். "இது கூஸ்நெக் டிரெய்லர். பண்ணியிருக்கீங்க இல்ல?" என்றார். பண்ணியதில்லை, பார்த்ததுகூட இல்லை. "நிறைய பண்ணியிருக்கேன் மேடம்" என்றேன்.

மற்ற டிரெய்லரெல்லாம் பம்பருக்குப் பின்னால் மாட்டும். இதற்கு முன்பக்கம் ஒரு கழுத்து எழும்பி வளைந்து, பிக்கப்பின் பின்னால் சரக்கேற்றும் தொட்டிக்குள் இறங்கி, பின் அச்சுக்கு மேலே பதித்த இரும்புக் குண்டின்மேல் உட்கார வேண்டுமாம். இது தெரியாமல் நான் பம்பருக்கு அடியில் படுத்துக்கொண்டு எதையோ தேடினேன். மேடத்தோடு வந்திருந்த, குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் மாரி அண்ணன் குனிந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "கழுத்து மேல கீது சார். நீங்க கால்ல தேடிக்கினு கீறீங்க."

ரசமட்டம் சொன்ன பொய்

தொட்டிக்குள் பிளேட் பதித்து, குண்டை வைத்து, டிரெய்லரை மாட்டி, மேலே ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸிலும் போட்டேன். பட்டறையின் தட்டைத் தரையில், காலி டிரெய்லரை வைத்து எடுத்த அளவு அது.

பள்ளியில் இரண்டு குதிரைகள் உள்ளே ஏறி நின்றதும் பிக்கப்பின் பின்பக்கம் பொத்தென்று அமுங்கி, ஹெட்லைட் இரண்டும் தென்னமரத்து உச்சியைப் பார்த்தன. "புது ஸ்பிரிங், போகப் போக செட் ஆயிடும்" என்றேன். உண்மை என்னவென்றால், அன்று காலையே பிக்கப்பின் கையேட்டைப் புரட்டிப் பார்த்திருந்தேன். குதிரைகளோடு அந்தக் கழுத்து இறக்கும் பாரத்தைச் சுமக்கும் வண்டியில்லை அது. ஆசையாக வாங்கிவிட்ட மேடத்தின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாரி அண்ணனுக்குச் சந்தேகம் வேறு: "அளவெடுக்கசொல்லோ குதுரையக் கூப்டிருக்கலாமே சார். அது சும்னேதான் நின்னுகினு இருந்திச்சி."

யூ-டர்ன்

கூடுதலாக ஸ்பிரிங் பட்டை போட்டு வண்டியை நிமிர்த்தினேன். நிமிர்ந்து நின்றால் போதுமா, அச்சும் பிரேக்கும் அதேதானே என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு காலி டிரெய்லரோடு வெள்ளோட்டம் கிளம்பினேன். ஓசூர் ரோட்டில் ஒரு யூ-டர்ன். நாலு கதவு வண்டிக்குத் தொட்டி குட்டை. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்ததும் டிரெய்லரின் மூக்கு திரும்பி வந்து பிக்கப்பின் பின் கண்ணாடியில் இடித்தது. கண்ணாடி பூராவும் விரிசல். பின்னால் ஒரு கிலோமீட்டருக்கு ஹாரன். டிராஃபிக் போலீஸ்காரர் வந்து இரண்டு வண்டியையும் நிதானமாகப் பார்த்தார்: "ரெண்டுக்கும் ஆகாதுன்னு தெரியுது. அப்புறம் ஏன் ஒண்ணா கூட்டிட்டு வந்தீங்க?"

மேம்பாலத்து இறக்கம்

இடிக்காமல் இருக்கக் குண்டை அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். செய்யவே கூடாத காரியம். முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் அலையும் என்று தெரிந்தே செய்தேன். முதல் நடையில் டெய்சி மட்டும் ஏறியது. ரேஸில் ஓடி ஓய்ந்த பெண் குதிரை, யார் கூப்பிட்டாலும் போகிற சாது. நானே ஓட்டினேன், பக்கத்தில் மாரி அண்ணன். மேம்பாலத்து இறக்கத்தில் வண்டி அலைய ஆரம்பித்தது, பயந்து பிரேக்கை மிதித்தேன், பின்னால் தடாலென்று ஒரு சத்தம்.

சர்வீஸ் ரோட்டில் நிறுத்திக் கதவைத் திறந்தோம். டெய்சி முட்டி போட்டு விழுந்திருந்தது. இரண்டு முட்டியிலும் தோல் உரிந்து ரத்தம். கீழே இறக்கியபிறகும் அதன் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. மறுபடி ஏற்ற மாட்டேன் என்று மாரி அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கே திரும்பி நடந்தார். வருகிற வண்டிகளுக்குச் சிவப்புத் துணியைக் காட்டிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். வெட்கத்தில் தலை நிமிரவில்லை. வழியெல்லாம் "சாரிண்ணா, சாரிண்ணா" என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க சார்? உள்ள நின்னது நானா?"

ஆனேக்கலுக்கு நடை

மற்ற ஐந்து குதிரைகளும் வாடகை லாரியில் போய்ச் சேர்ந்தன. டெய்சி ஏறவில்லை. சாய்வுப் பலகையைக் கண்டதுமே நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. வெல்லம் காட்டினார்கள், கண்ணைக் கட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. இடத்தைக் காலி செய்ய அதுதான் கடைசி நாள். முட்டிக் கட்டோடு அதை ஆனேக்கல் வரை நடத்தியே கூட்டிப் போனோம். நிறுத்தி நிறுத்திப் போனதில் பகல் முழுக்க ஆயிற்று.

புது லாயத்தில் மேடம் கட்டைப் பிரித்து மருந்து போட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் சொன்னேன். நான் கூஸ்நெக் பண்ணியதே இல்லை, இந்த பிக்கப் அந்த டிரெய்லருக்கு ஆகாது, இது டெய்சியை ஏற்றுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மருந்து போட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஒருநாள் கோவிச்சிட்டு இருந்திருப்பேன். அவ்வளவுதானே ஸ்டீபன்?"

இப்போதெல்லாம் யார் எந்த வண்டியோடு வந்தாலும் என் வாயில் முதலில் வருவது "ஆகாது"தான். அதனால் பட்டறையில் கூட்டம் குறைந்து, நான் பெரிய நிபுணன் என்ற பேர் மட்டும் ஓசூர் ரோடு பூராவும் பரவியிருக்கிறது.