நேர்ச்சைக் கிடா தின்ற கீரை

உடம்புக்கு இது நல்லது, அதைச் சாப்பிடுங்கள் என்று யாராவது என்னிடம் சொன்னால், "நீங்க இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம். டாக்டரிடம் கேட்டிருக்கிறேன். ரேடியோவில் பேசிவிட்டு வந்த ஒரு படித்த அம்மாளிடமும் கேட்டிருக்கிறேன். அந்த அம்மாள் முகம் சிவந்து போனாள். மரியாதை தெரியாதவள் என்று எனக்குப் பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். என் வலது கண் வெள்ளையாய்ப் போனது எப்படி என்று சொல்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு உரிமை உண்டா இல்லையா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். யுத்த காலம். தூத்துக்குடியில் கடலை ஒட்டி, மாதா கோயிலுக்குப் பின்னால் எங்கள் தெரு. அப்பாவுக்குத் தோணியில் வேலை. எங்கள் கரையில் ஆழம் போதாது. கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும், தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றிக்கொண்டு வரும். ரங்கூன் அரிசியை அப்படி மூட்டை மூட்டையாகக் கரை சேர்த்தவர் அப்பா. பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் அந்த அரிசி நின்றது. ரேஷன் வந்தது. ரேஷனில் கொஞ்சம் புழுத்த அரிசி, மிச்சத்துக்குக் கோதுமை. கோதுமையை வைத்து என்ன செய்வதென்று எங்கள் தெருவில் ஒருத்திக்கும் தெரியாது. அம்மா அதைக் கஞ்சியாகக் காய்ச்சிப் பார்த்தாள். வெந்ததென்றும் சொல்ல முடியாது, வேகவில்லையென்றும் சொல்ல முடியாது. கடலோரத்தில் இருந்தவர்களுக்கு மீனுக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். நல்ல மீனெல்லாம் கரைக்கு வந்ததும் விலைக்குப் போய்விடும். எங்களுக்குக் கருவாடுதான்.

அந்த நேரத்தில்தான் சர்க்கார் ஒருவரை அனுப்பியது. மதராஸ் பக்கத்து ஆள். கோட்டும் தலைப்பாகையுமாக வருவார். கக்கத்தில் ஒரு துணிச் சுருள் இருக்கும். கோயில் மதிலில் ஆணியடித்து அதைத் தொங்கவிடுவார். அதில் கீரை, தக்காளி, காரட், முருங்கைக்காய் எல்லாம் வர்ணத்தில் வரைந்திருக்கும். காரட்டை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. ஒரு பிரம்பால் ஒவ்வொன்றையும் தட்டித் தட்டி, இதில் இன்ன வைட்டமின், இது எலும்புக்கு, இது ரத்தத்துக்கு, இது கண்ணுக்கு என்று சொல்லுவார். ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பார். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்களாம். அன்றைக்கே தெருவில் அவருக்குக் "கீரை சார்" என்று பெயர் விழுந்தது.

ரேஷன் கடை வைத்திருந்த அண்ணாச்சி அவருக்குக் கேட்கும்படியே சொன்னார்: "அரிசி குடுக்க வக்கில்ல, கீரையைத் திங்கச் சொல்லுதான். நாளைக்குக் கீரையும் இல்லன்னா மண்ணுலயும் வைட்டமின் இருக்குன்னு படம் போட்டுக்கிட்டு வருவான்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அவர்களை முட்டாள்கள் என்று இன்றைக்குச் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அவர்கள் சும்மா நம்பாமல் இருக்கவில்லை, நம்பி நம்பி ஏமாந்திருந்தார்கள். யுத்தத்துக்கு முன்னால் தேயிலைக்காரர்கள் தள்ளுவண்டியில் வந்து தெருத்தெருவாக ஓசி டீ ஊற்றினார்கள். உடம்புக்குத் தெம்பு, மூளைக்குச் சுறுசுறுப்பு என்று அவர்களிடமும் படம் இருந்தது. தெரு முழுக்கப் பழகினது. பழகினதும் ஓசி நின்றது. டீ குடிக்காமல் அப்பாவால் தோணியில் கால் வைக்க முடியாது என்று ஆகிவிட்டது. அதற்கப்புறம் டின்னில் வனஸ்பதி வந்தது. நெய்க்குச் சமம் என்று அதற்கும் ஒரு படம். கொஞ்ச நாளில் அதைத் தின்றால் கண் போய்விடும் என்று ஊரெல்லாம் பேச்சு. மூன்றாவதாகக் கீரை வந்தது. நீங்களாக இருந்தால் நம்பியிருப்பீர்களா?

எனக்கு மாலைக்கண் வந்தது அந்த வருஷம். முதலில் யாருக்கும் தெரியவில்லை. பொழுது அடைகிற நேரம், தெருவில் காயப்போட்ட கருவாட்டை எடுத்து வரச் சொன்னாள் அம்மா. போனவள் கருவாட்டு ஓலைப்பாயின் மேலேயே நடந்து, எதிரில் வலை காயும் கம்பத்தில் நெற்றியை இடித்துக்கொண்டு நின்றேன்.

"கண்ணு தெரியலயாளா ஒனக்கு?" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

"தெரியலம்மா" என்றேன்.

அடித்த கையாலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். என் முகத்துக்கு நேரே விரல்களை ஆட்டிப் பார்த்தாள். எனக்கு அவள் கையும் தெரியவில்லை, அவளும் தெரியவில்லை; கருவாட்டு வாடைதான் தெரிந்தது. அன்றிலிருந்து பொழுது அடைந்தால் என்னைக் குசினியில் ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவாள். பிள்ளைகள் தெருவில் ஓடுகிற சத்தம் கேட்கும். நான் சுவரைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வனஸ்பதிதான் காரணம் என்று தெருவே தீர்ப்புச் சொன்னது. அண்ணாச்சி கடையில் ஒரு தடவை வனஸ்பதியில் செய்த மிட்டாய் வாங்கித் தின்றிருந்தேன். அது போதும் அவர்களுக்கு. அம்மா அழுதுகொண்டே கோயிலுக்குப் போய், என் கண் தெளிந்தால் என்றுகூடச் சொல்லாமல், தெளியும் என்று நம்பி, திருநாள் அசனத்துக்கு ஒரு கிடாய் நேர்ந்துகொண்டு வந்தாள். அசனம் என்றால் எங்கள் பக்கத்தில் திருநாளன்று கோயில் முற்றத்தில் ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற பந்தி. கிடாயும் அரிசியும் காய்கறியும் அவரவர் நேர்ச்சையாகக் கொடுப்பார்கள்.

அப்பா ஒரு குட்டியை வாங்கி வந்து முற்றத்து முருங்கையில் கட்டினார். நேர்ந்த ஆட்டுக்கு எங்கள் தெருவில் சில முறைகள் உண்டு. அதை ஊர் மேய விடக்கூடாது. நேர்ந்த வீட்டுத் தீனியைத்தான் தின்ன வேண்டும். யாருக்காக நேர்ந்ததோ அவர் கையால் ஊட்ட வேண்டும். அதற்கென்று வைத்ததை வீட்டார் தொடக்கூடாது. தொட்டால் ஆண்டவருடைய பங்கில் கை வைத்த மாதிரி. கடற்கரை மண்ணில் புல் எங்கே கிடைக்கும்? முருங்கைதான். மரம் முழுக்க ஆட்டுக்கு என்று ஆகிவிட்டது. தினமும் சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, அம்மா கொக்கியால் கொப்பை இழுத்துப் பிடிப்பாள். நான் கொத்துக் கொத்தாக உருவி ஆட்டின் வாயில் கொடுப்பேன். அது என் விரலையும் சேர்த்து நக்கும். எனக்கு அதன்மேல் ஆசை. என் கண்ணுக்காக அது கொழுத்துக்கொண்டிருந்தது. எனக்கு மாலையில் வாசல் தெரியாது. அதற்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

கீரை சார் ஒருநாள் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் இமையை விரித்துப் பார்த்தார். அப்புறம் மரத்தைப் பார்த்தார். அவருக்குச் சந்தோஷமே வந்துவிட்டது.

"அம்மா, மருந்து உங்க வாசல்லயே நிக்குது! இந்தக் கீரையைத் தினம் ஒரு கைப்பிடி வதக்கிக் குடுங்க. பார்வை திரும்பிடும்."

"அய்யா, அது நேர்ந்த கிடாய்க்குள்ளது" என்றாள் அம்மா.

அவர் அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். இல்லை, மரம் பெரிதாக இருக்கிறது, ஆட்டுக்கும் போதும் பிள்ளைக்கும் போதும் என்று தன்மையாகச் சொல்லியிருக்கலாம். "ஆட்டுக்குக் குடுப்பீங்க, பெத்த பிள்ளைக்குக் குடுக்க மாட்டீங்களா? அறிவுகெட்ட ஜனங்க! உங்களுக்கெல்லாம் யார் என்ன சொல்லி என்ன பிரயோஜனம்?" என்று தெரு கேட்கக் கத்திவிட்டுப் போனார்.

அப்பா வேலை முடிந்து வந்து கேட்டுவிட்டுக் கொதித்தார். "அரிசி மூட்டையை எங்கன கொண்டு ஒளிச்சு வச்சிருக்கான்னு அவன முதல்ல சொல்லச் சொல்லு. பொறவு எம் பிள்ளைக்கு என்ன குடுக்கணும்னு நான் பாத்துக்கிடுதேன்."

அம்மா அப்படி இல்லை. அவள் யோசிக்கிறவள். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எதையும் உரைத்துப் பார்த்துத்தான் எடுப்பாள். மறுநாள் ஆட்டுக்குக் கொப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டே சொன்னாள்: "திருநாளுக்கு அவரையும் கோயில் சாமியார் அழைச்சிருக்காவளாம். கிடாய் போன பொறவு கீரை நமக்குத்தானளா. சமைச்சு அவரு இலையில வைப்பேன். அவரு திங்காரா பாப்போம். தின்னாருன்னா, அன்னையிலேருந்து ஒனக்கும் அதுதான்."

இதைவிட நியாயமான ஆராய்ச்சி எனக்குத் தெரிந்து இல்லை. எலிக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள் அவர்கள். சொன்னவருக்கே கொடுத்துப் பார்க்க நினைத்தவள் என் அம்மா.

திருநாள் வந்தது. கிடாயைக் கோயிலுக்குக் கொண்டு போனார்கள். நான் அழுதேன். அம்மா முருங்கைக்கீரையை உருவி, உள்ளியும் தேங்காயும் போட்டு வதக்கினாள். அந்தத் தேங்காய் எப்படிக் கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. அந்த நாளில் அது லேசில் கிடைக்கிற பொருள் இல்லை. எனக்கு நாக்கில் நீர் ஊறியது. ஒரு வாய் கேட்டேன்.

"பொறு. முதல்ல அவரு" என்றாள்.

பந்தியில் சாமியார் பக்கத்தில் கீரை சாருக்கு இலை. நேர்ச்சை கொடுத்த வீட்டுக்காரர் தம் கையால் பரிமாறலாம் என்பது வழக்கம். அதனால் ஆண்கள் பந்தியானாலும் அம்மாவை யாரும் தடுக்கவில்லை. நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு போனேன். இலையில் சோறும் கறியும் இருந்தன. குழம்பில் கிடந்த கத்தரிக்காயை அவர் ஏற்கெனவே ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார். அம்மா குனிந்து, "அய்யா சொன்ன கீரை" என்று ஒரு கை எடுத்தாள்.

அவர் இலையின்மேல் கையைக் குறுக்கே நீட்டிவிட்டார். "ஐயோ, வேண்டாம்மா. கீரை எனக்கு ஒத்துக்காது. சின்ன வயசிலேருந்தே பிடிக்காது. கறி இருந்தா இன்னும் கொஞ்சம் போடச் சொல்லுங்க."

முதலில் அண்ணாச்சிதான் சிரித்தார். "பாத்தேளா! சொன்னவனே திங்கல!" பந்தி முழுக்கச் சிரிப்பு ஓடியது. சாமியார்கூட லேஞ்சித் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார். கீரை சாரும் சேர்ந்து சிரித்தார், ஏதோ வேடிக்கை என்று நினைத்து. அம்மா சிரிக்கவில்லை. எடுத்த கீரையைச் சட்டிக்குள்ளேயே போட்டாள். வெளியே வந்ததும் மதிலோரம் கட்டியிருந்த அண்ணாச்சியின் ஆடுகளுக்கு முன்னால் சட்டியைக் கவிழ்த்தாள். தேங்காய்த் துருவலோடு கிடந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். 

அதன் பிறகு எங்கள் தெருவில் கீரை என்று எவனாலும் வாயைத் திறக்க முடியவில்லை. முருங்கை தழைத்து நின்றது. அண்ணாச்சி தம் ஆடுகளுக்கு ஆள் விட்டு அதை ஒடித்துக்கொள்வார். அம்மா ஏனென்று கேட்கமாட்டாள்.

சில வாரத்தில் எனக்கு அம்மை போட்டது. தட்டம்மை. அது இறங்கும்போது கண்ணைத் திறக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்தவள் தாய்ப்பாலைக் கண்ணில் பீய்ச்சி விட்டுப் பார்த்தாள். பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஏற்கெனவே சத்தில்லாத கண், அம்மையும் சேர்ந்துகொண்டது, வலது கண்ணில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கண்ணைக் காப்பாற்ற, அந்தச் சத்துள்ள ஓர் எண்ணெயைக் கரண்டியில் ஊற்றிக் கொடுத்தார்கள். வாயில் வைத்ததும் அந்த வாடை எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா கையில் அடிக்கிற வாடை. சுறா ஈரலைக் காய்ச்சித் தோணிப் பலகைக்குப் பூசுவார்களே, அதே எண்ணெய். பலகை உளுத்துப் போகாமல் காத்த எண்ணெய் இடது கண்ணைக் காத்தது. அப்பா அந்தக் கட்டில் பக்கத்தில் நின்று தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னவன் சரியில்லை என்பதற்காகச் சொன்னது பொய்யாகிவிடுமா என்று என் பேத்தி வயதுப் பிள்ளைகள் என்னிடம் வாதம் பண்ணுகிறார்கள். ரெண்டு கண் இருக்கிறவர்கள் என்ன வாதமும் பண்ணலாம். எனக்கு அந்தத் தெருவின்மேல் கோபம் உண்டு. அந்தப் பிரம்பின்மேல் அதைவிடக் கோபம் உண்டு. அம்மாவின்மேல் கோபப்பட எத்தனையோ தடவை முயற்சி பண்ணிப் பார்த்தேன், வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புகிற அன்றைக்கு டாக்டர் அம்மாவிடம், இனிமேல் தினம் கீரை கொடுங்கள், முருங்கைக்கீரை இருந்தால் ரொம்ப நல்லது என்றார். அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"அப்ப அவரு சொன்னது நெசந்தானா அய்யா?"

"யார் சொன்னாலும் நிஜந்தாம்மா."

"நெசம்னா அவரு ஏன்யா திங்கல?"

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.