மகளின் விண்ணப்பத்தில் நான் செய்த மாற்றம்

என் மகள் கயல்விழிக்குக் கணக்கு என்றால் உயிர். பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிக் கணக்குகளைத் தானாகப் போட்டுப் பார்ப்பாள். பி.எஸ்சி. கணிதம்தான் படிப்பேன் என்றாள்.

"அத படிச்சிட்டு டியூஷன்தான் எடுக்கணும்" என்று ஒரு மாதம் சண்டை போட்டேன். அவள் மசியவில்லை.

விண்ணப்பத்தைத் திருத்துவதற்கான கடைசி நாளில், சுரக்குடியிலிருந்து அவளுக்குத் தெரியாமல் காரைக்கால் போய், ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பொறியியலை முதல் விருப்பமாக மாற்றினேன். ஓடிபி என் போனுக்குத்தான் வரும். அந்த இடமே கிடைத்தது.

"யாரும்மா மாத்துனது?"

"நான்தான். உன் நல்லதுக்குத்தான்."

"சண்டையே போட்டுக்கிட்டு இருந்திருக்கலாம்மா. நானும் பதில் சொல்லிக்கிட்டு இருந்திருப்பேன்."

இப்போது மூன்றாம் ஆண்டு. நல்ல மதிப்பெண்தான் வாங்குகிறாள். ஆனால் எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்மா" என்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.