எந்தத் தண்ணி?

சில வருஷங்களுக்கு முன், ஐப்பசி அடைமழையில் நடந்தது. படூரில் எங்கள் தெரு முழுக்க முழங்கால் தண்ணீர். பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்த என் அண்ணன் கால் வழுக்கி, கால்வாய் சிமெண்ட் மூடியில் மண்டை மோத விழுந்தார். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கண்ணே திறக்காமல் மறுநாள் போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரி காகிதத்தைப் படித்தேன். ‘குடிபோதையில் விழுந்ததாக மனைவி சொன்னார்’ என்று இங்கிலீஷில் எழுதி, டாக்டர் கையெழுத்தும் போட்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் அப்பா குடித்தே செத்தவர். அதனாலேயே அண்ணன், கல்யாண வீட்டில் பாட்டிலைத் திறந்தால்கூட எழுந்து வந்துவிடுவார். ஆனால் அதற்குள் சொந்தத்தில் ஒருவர் படித்துவிட்டு, ‘இவனுமா?’ என்று பேச்சைக் கிளப்பிவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அண்ணி அழக்கூட இல்லை. “நான் அப்டி சொல்லவேயில்லடி. அவரு மேல கீற அந்த எழுத்த எடுக்கச் சொல்லு, போதும்” என்றார்.

டாக்டரை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத்தான் அண்ணியோடு போனேன். சின்ன வயசுக்காரர். ஃபைலை வரவழைத்து, “அன்னிக்கு என்னம்மா சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க” என்றார்.

“தண்ணில இருந்தாரு சார், அப்டியே வுழுந்துட்டாருன்னேன்.”

“எந்தத் தண்ணி?”

“மழத்தண்ணி சார். தெருவெல்லாம் ரொம்பிக்கினு இருந்திச்சே.”

டாக்டர் முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நம்ம பக்கம் குடித்திருந்தாலும் அதே சொல்தானே! டாக்டர் எழுந்து நின்று அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டார்.

குடித்திருந்தாரா என்று ரத்தப் பரிசோதனை எதுவும் செய்யவில்லை என்பதையும் ஃபைலில் பார்த்துவிட்டு, அந்த வரியின் மேல் ஒரே ஒரு கோடு போட்டார். கீழே சரியானதை எழுதி, அன்றைய தேதியோடு கையெழுத்துப் போட்டார். அண்ணி எட்டிப் பார்த்தார்.

“தெரியாத மாரி நல்லா அடிச்சுடு சார்.”

“கையெழுத்துப் போட்டதை அழிக்கக் கூடாதும்மா. பழசும் படிக்கிற மாதிரிதான் இருக்கணும்.”

நியாயமான விதிதான். ஆனால் திரும்பும்போது பஸ்ஸில் அண்ணி உடைந்து அழுதார். “மழன்னு ஒரு வார்த்த சேத்து சொல்லியிருக்கலாமேடி.”

இப்போதும் அவர் வெறும் தண்ணி என்று சொல்வதே இல்லை. கேன் தண்ணி, குழாய்த் தண்ணி என்று பிரித்துத்தான் கேட்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம், அண்ணன் பேரைக் காப்பாற்றிவிட்டோம், ஆனால் கோடு போட்ட அந்தப் பழைய வரியை அண்ணி இன்னும் படித்துக்கொண்டேதான் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.