எந்த கேட்வே?

மனுகாவில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில், பழைய தொலைபேசி இணைப்புகளை இணையவழிக்கு மாற்றித் தருவதுதான் என் வேலை. அங்கே கேட்வே என்ற ஒரே சொல்லை வைத்து எல்லோரும் குழம்பினார்கள். பேச்சைப் பாக்கெட் என்ற சிறு தரவுத் துண்டுகளாக நறுக்கி இணையத்தில் அனுப்பும் பெட்டியும் கேட்வே. யாரை யாரோடு இணைப்பது என்று அதற்குக் கட்டளையிடும் கன்ட்ரோலரும் சிலருக்கு கேட்வே. முதலாவதை மீடியா கேட்வே என்றே சொல்லுங்கள் என்று நான் சொல்லாத கூட்டமில்லை. தலையாட்டுவார்கள். மறுநாள் பழையபடிதான்.

பிறகு அவள் வேலைக்கு வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிட இளையவள். மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்தாள். நான் கோயம்புத்தூர்க்காரி. சேர்ந்தே ரயிலில் போய்வந்தோம்.

அவள் வந்த புதிதில், மேலாளர் கூட்டத்தில் கேட்வே பற்றி ஏதோ கேட்டார். "நீங்கள் கேட்பது வாயைப் பற்றியா, மூளையைப் பற்றியா?" என்றாள் அவள், ஆங்கிலத்தில். எல்லோரும் சிரித்தார்கள். குழப்பம் அன்றோடு தீர்ந்தது. நான் வருடக்கணக்கில் தொண்டை வறளச் சொன்னதும் அதுதான். வீடு திரும்பும்போது கேட்டாள்:

"நான் கதைச்சது சரிதானே, அக்கா?"

"ஆமா, நல்லா சொன்னே."

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வயிறு எரிந்தது. சில மாதங்களில் குழுத்தலைவர் பதவியும் அவளுக்கே போனது. நானும் விண்ணப்பித்திருந்தேன்.

அவள் தலைமையில் முதல் வேலை, ஒடாஹுஹு என்ற புறநகரில் ஒரு மருத்துவ நிலையம். புதிய போன்களை இணைத்தோம். மணி அடித்தது, எடுத்தால் மறுமுனையின் குரல் கேட்கவில்லை. வரவேற்பில் இருந்த பெண் ஹலோ, ஹலோ என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனாள். வாசலில் நோயாளிகள் வரிசை நீண்டது. எங்கள் புதுக் குழுத்தலைவியின் முகம் வெளுத்துவிட்டது.

"கன்ட்ரோலரிலை எல்லாம் பாத்திட்டன், அக்கா. அழைப்பு ஒழுங்காத்தான் இணையுது."

"இணையுறது வேற, குரல் வர்றது வேற. கேட்வேயைப் பாத்தியா?"

"எந்த கேட்வே?"

நானே வெறுமனே கேட்வே என்று சொல்லியிருந்தேன். அவள் மடிக்கணினியை என் பக்கம் இழுத்தேன். மீடியா கேட்வேயில் பழைய நெட்வொர்க்குக்குப் போகும் பாதை நீக்கப்படாமல் கிடந்தது. வெளியிலிருந்து வந்த குரலெல்லாம் அந்தப் பக்கமே போய் மறைந்துகொண்டிருந்தது. அதை நீக்கினேன். அடுத்த அழைப்பில் யாரோ ஒரு கிழவர் தன் மாத்திரையைப் பற்றிக் கேட்டது தெளிவாக விழுந்தது.

மறுநாள் கூட்டத்தில் அவளாகவே சொன்னாள், கண்டுபிடித்தது நான்தான் என்று. அந்த நல்ல பெயரை அவளே எடுத்துக்கொண்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பொறாமைப்பட ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும்.

அன்று ரயிலில் அவள் மெதுவாகக் கேட்டாள்:

"என்னோட கோவமோ, அக்கா?"

"கோவம் இல்ல. பொறாமை."

அவள் சிரிக்கவில்லை. "ஓம், விளங்குது. நேற்று நீங்கள் லாப்டாப்பை இழுத்த உடனை எனக்கும் அப்பிடித்தான் இருந்தது" என்றாள்.

அதைக் கேட்டு எனக்கு வந்தது சந்தோஷம். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அடுத்த மாதம் தலைநகர் வெலிங்டனில் இருக்கும் கிளையில் பயிற்சி கொடுக்க அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். பெட்டியை இறக்கிக் கொடுத்து, நல்லபடியாகப் போய்வா என்று மனதாரச் சொன்னேன். திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது, என்னை ஏன் அனுப்பவில்லை என்று மறுபடி எரியத் தொடங்கியது.